நாலாம் வார்த்தையைக் கேட்டு வாங்கிய அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, முதல் பக்கத்தில் அண்ணனின் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், கார்டன் ரீச் ஆபீஸ் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இப்படிப்பட்ட மலர்களில் என்ன எழுதுவார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். விசுவாசத்தில் உறுதியாக இருந்தார், கலங்காமல் நோயைத் தாங்கினார், புன்னகையோடு கர்த்தரிடம் சேர்ந்தார். கல்கத்தாவில் நம் சபையில் யார் வீட்டில் மலர் போட்டாலும் எழுதிக் கொடுப்பது அண்ணன்தான், பிழை பார்ப்பது நான்தான். ஆகையால் இந்த வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம்.

ஆனால் அண்ணன் தம்முடைய மலருக்கு மட்டும் ஒரு கட்டளை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஏட்டி, எனக்கு மலர் போட்டா சமாதானமாப் போனான்னு எழுதிராத. பயந்தான்னு எழுது. பொறவு வாரவனுக்கு உதவும்."

எனவே எழுதுகிறேன். அண்ணன் பயந்தார்கள். மிகவும் பயந்தார்கள். கூட இருந்த நானும் பயந்தேன், இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அண்ணனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கோபப்படுகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில். எங்கள் அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காகக் கல்கத்தாவுக்கு வந்தவர்கள். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளமும் இந்தியும் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அண்ணன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா மாரடைப்பில் இறந்துபோனார்கள். அந்த வேலையை அண்ணனுக்குக் கொடுத்தார்கள். மீசை கூடச் சரியாக முளைக்காத முகத்தோடு அப்பாவின் ஆபீசுக்குப் போய், அப்பாவுடன் வேலை பார்த்தவர்களிடம் 'சார், சார்' என்று நின்ற அந்த நாட்களைப் பற்றி அண்ணன் அதிகம் பேசியதில்லை. அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்தார்கள். என்னைப் படிக்க வைத்தார்கள். நான் கல்யாணம் வேண்டாம் என்றபோது உறவெல்லாம் வாயில் அடித்துக்கொள்ள, "அவ இஷ்டம்" என்ற ஒரு சொல்லில் பேச்சை முடித்தவர்களும் அண்ணன்தான். ஓய்வுபெற்ற பின் பெஹாலாவில் ஒரு வீடு வாங்கினார்கள். அண்ணன், மதினி, அவர்கள் மகள், கணக்கு டீச்சரான நான், எல்லோரும் ஒரே வீடு.

அண்ணனுக்குச் சம்பளம் தந்தது ரயில்வே. அண்ணனின் உயிர் இருந்தது சபையில். காலையில் வங்காளிகள் ஆராதித்துவிட்டுப் போன அதே கோயிலில் பிற்பகலில் நம் தமிழ் ஆராதனை நடக்கும். போதகர் ஊருக்குப் போனால் பிரசங்கம் அண்ணன். சாவு வீடு என்றால், போதகர் ஊரில் இருந்தாலும் அண்ணன். கல்லறைக் குழிக்கு அருகே நின்று உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், மண்வெட்டியோடு நிற்கும் ஆட்கள் கூடப் பாஷை புரியாமலே கேட்டுக்கொண்டிருப்பார்கள். மரணம் ஒரு வாசற்படிதான், தாண்டினால் வீடு என்பார்கள். அழுகிறவர்களைப் பார்த்து, நம்பிக்கை இல்லாதவர்களைப் போல அழலாமா என்று செல்லமாகக் கடிந்துகொள்வார்கள். பிறகு டீ எங்கே என்று தேடுவார்கள். அத்தனை தைரியம் எங்கிருந்து வருகிறது என்று நான் கேலி செய்ததுண்டு.

நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது குளிர் தொடங்கியிருந்தது. பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள். இனி வைத்தியம் வலிக்கு மட்டும்தான், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். டாக்ஸியில் வரும்போது மதினிக்கு ஆறுதல் கூடச் சொன்னார்கள். பார்த்தாயா, சொன்னபடியே நிற்கிறார்கள் என்று நான் பெருமைப்பட்டேன்.

கிறிஸ்மஸ் கேரல் குழு எங்கள் வீட்டுக்கு வந்த மாலையில் அந்தத் தைரியம் உடைந்தது. பிள்ளைகள் கிட்டாரும் டிரம்முமாக முன்னறையை அடைத்துக்கொண்டு, பாலகன் பிறந்தார் என்று பாடுகிறார்கள். அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் இருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். திடீரென்று என் கையைப் பிடித்தார்கள். அந்தக் குளிரிலும் உள்ளங்கை நனைந்திருந்தது. பிள்ளைகள் கேக்கைத் தின்றுவிட்டுப் போகும் வரை விடவில்லை. போனதும் சொன்னார்கள்.

"பாப்பா, எனக்குப் பயமா இருக்குட்டி."

"வலிக்கா அண்ணே?"

"வலி இல்ல. பயம். மூச்சு முட்டும்போதெல்லாம் யாரோ என்னத் தண்ணிக்குள்ள அமுக்குத மாதிரி இருக்கு. ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்கு. வேதமும் வரல, ஜெபமும் வரல."

உண்மையைச் சொல்கிறேன், அண்ணனின் நோயைக் கேட்டபோது கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இந்த மனுஷனின் நம்பிக்கையின் நிழலில்தான் நாங்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அப்பா போனபோதும் அம்மா போனபோதும் 'அண்ணன் சொல்லிவிட்டார்கள், மறுபடி பார்க்கலாம்' என்றுதான் நான் கண்ணைத் துடைத்தேன். அண்ணனுக்கே பயம் என்றால் எனக்கு என்ன மிச்சம்? அந்த உலகத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால்? அடுப்பில் பால் வைத்துவிட்டு இதையே நினைத்துக்கொண்டு நிற்பேன், பால் பொங்கி வழிந்துவிடும்.

வீட்டில் அதை மறைத்தோம். சபையிலிருந்து பார்க்க வருகிறவர்களிடம், "நல்ல சமாதானமா இருக்காங்க" என்று மதினி சொல்வார்கள். நானும் ஒத்து ஊதுவேன். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"அப்ப இத்தன வருசமா எங்களுக்குச் சொன்னீயளே, அது என்ன அண்ணே?"

"நான் சொன்னது பொய் இல்லட்டி. நான் நம்புதேன். இந்த உடம்பு நம்பமாட்டேங்கு."

அது எப்படி என்று அண்ணனுக்கும் அப்போது தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு நடந்த ஒரு காரியத்தை நம் சபையில் பலரும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அதன் மறுபாதி அவர்களுக்குத் தெரியாது. நம் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குக் கடைசி மூச்சு வாங்க ஆரம்பித்தால் கட்டிலைச் சுற்றி நின்று பாடி அனுப்புவோம். பெண்கள் ஐக்கியத்தார் ஒரு நாள் பிற்பகலில் வந்திருந்தார்கள். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் அண்ணன் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சு நடுநடுவே நின்று நின்று வந்தது. வயதில் மூத்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நேரம் வந்துவிட்டது என்று முடிவு கட்டி, வழியனுப்பும் பாட்டை எடுத்துவிட்டார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுக்களையிலிருந்து மதினி அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். எதிர்வீட்டு வங்காள அம்மாவை நாங்கள் பௌதி என்போம், நம் மதினி முறைதான். அவர்கள் பாட்டைக் கேட்டு, "தாதா சலே கேலேன் கோ!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார்கள். அண்ணன் போய்விட்டாரே என்று அர்த்தம்.

அண்ணன் கண்ணைத் திறந்தார்கள். "ரெண்டாவது சரணம் ராகம் தப்பு" என்றார்கள்.

சபையார் சொல்லும் கதை இத்துடன் முடிகிறது. எல்லோரும் படி இறங்கியதும் அண்ணன் ஒரு குழந்தையைப் போல விம்மி அழுதார்கள்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சேன்ட்டி. ஒரே இருட்டு. பாட்டு மட்டும் கேட்டுது, அதுவும் தூரத்துல. யாராவது இருக்கீயளான்னு கூப்பிடுதேன், சத்தம் வரமாட்டேங்கு. அங்க யாருமே இல்ல."

அண்ணன் மகள் கல்கத்தாவிலேயே பிறந்து படித்தவள், தமிழை விட வங்காளம்தான் நன்றாக வரும். அவள் கட்டிலில் ஏறி அப்பாவைக் கட்டிக்கொண்டு, "பயப்படு அப்பா, கிச்சு ஹோபே நா, நான் இருக்கேன்ல" என்றாள். ஒன்றும் ஆகாது என்கிறாள். பயப்படாதே என்று சொல்லாமல் பயப்படு என்று சொன்னது அவள் ஒருத்திதான். அவளுடைய அரைகுறைத் தமிழ் என்று மதினி நினைத்தார்கள். அப்புறம் கேட்டேன், தெரிந்துதான் சொன்னாளாம்.

பாட்டுக்காரர்கள் வாசல் வரை போவதற்குள் அந்த அழுகை அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுவதும் தெரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொன்னவரே இப்படிப் பயந்தால் நாம் என்ன ஆவது என்று சிலர் வாய்விட்டே பேசினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அதைத்தானே கேட்டேன்.

அதற்குள் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்துவிட்டது. நம் சபையில் பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பிரித்துக்கொண்டு பேசுவது வழக்கம். ஆறாம் வார்த்தை, 'எல்லாம் முடிந்தது' என்ற ஜெய வார்த்தை. அது எப்போதும் அண்ணனுக்கு. நாலாம் வார்த்தைதான் அனாதை. தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டாரே என்று இயேசு கதறிய வார்த்தை அது. அதை வைத்து என்ன பேசுவது என்று ஒருவருக்கும் தெரியாது. பங்கு பிரிக்கும் கூட்டத்துக்கு வராதவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

அண்ணன் என்னை அனுப்பிப் போதகரை வரச் சொன்னார்கள். நாலாம் வார்த்தை தமக்கு வேண்டும் என்றார்கள். போதகர் வயதில் சின்னவர், தயங்கினார்.

"அண்ணாச்சி, உடம்பு இருக்க நெலமையில எதுக்கு? பேசணும்னா ஒங்க ஆறாவதையே வச்சுக்கிடுங்க. ஜனங்களுக்கும் ஆறுதலா இருக்கும்."

"ஆறாவதுக்கு நான் இன்னும் வந்து சேரலையே ஐயா. நான் நிக்கது நாலுலதான்."

போதகர் என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். சபைக்கு முன்னால் அண்ணன் உடைந்துபோய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் எங்கள் மூவர் முகத்திலும் இருந்தது. மதினிதான் சரி என்றார்கள்.

பெரிய வெள்ளியன்று நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். ஆக்சிஜன் சிலிண்டரை மகள் உருட்டிக்கொண்டு வந்தாள். கோயில் நிறைந்திருந்தது. அண்ணனிடம் எப்போதும் இருக்கும் பிரசங்கத் தமிழ் அன்றைக்கு இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சில், மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு. இத இங்க வச்சுச் சொல்லுததுக்கு வெக்கம் இல்ல. ஏன்னா அவருக்கும் இருந்துது. பிடிபட்ட ராத்திரி கெத்செமனே தோட்டத்துல வேர்த்துது. கூட முழிச்சிருங்கன்னு சிநேகிதங்ககிட்டக் கெஞ்சினாரு, அவங்க தூங்கிட்டாங்க. சிலுவையில கூப்பிட்டாரு, பதில் வரல. நாம இத ஓட்டமா ஓடிக் கடந்து ஈஸ்டருக்குப் போயிருதோம். நானும் அப்படித்தான் போனேன்.

"தேவன் மேல இருந்துக்கிட்டே, பயப்படாதேன்னு சத்தம் போட்டிருக்கலாம். கீழ வந்தாரு. நம்ம மாதிரி ஒரு உடம்ப எடுத்தாரு. வேர்க்குத உடம்பு, வலிக்குத உடம்பு, நடுங்குத உடம்பு. அந்த உடம்புக்குள்ள இருந்துக்கிட்டு நம்மளப் போலவே பயந்தாரு. மாம்சமானாருங்கதுக்கு அர்த்தம் இதுதான். நாம ஸ்டார் கட்டி, கேக்கு வெட்டி, குழந்த அழகா இருக்குங்கோம். அந்தக் குழந்த பயப்படத்தான் பொறந்துது.

"எம் மனசு நம்புது, உடம்பு நம்பல. பரவாயில்ல. என் உடம்பு போற இருட்டுக்குள்ள ஒரு உடம்பு முன்னாலயே போயிருக்கு, பயந்துக்கிட்டே போயிருக்கு. நான் தைரியத்த நம்பிப் போகல. அவரு போயிருக்காருங்கத நம்பிப் போறேன்."

அவ்வளவுதான் பேசினார்கள். ஆமென் சொல்லக் கூட மூச்சு இல்லை. பின் வரிசையில், வழியனுப்பும் பாட்டை எடுத்த அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். இந்த அம்மாவின் கணவர் அடக்கத்தில்தான் அண்ணன், அழலாமா என்று கேட்டிருந்தார்கள். வெளியே வந்ததும் அவர்கள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், "தம்பி, அவுகளும் பயந்தாவ. நான் யாருட்டயும் சொல்லல." அண்ணன் அந்தக் கையைத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்கு அண்ணனால் வர முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் போதகர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்தார். அண்ணன் கையிலிருந்து அப்பம் நழுவப் பார்த்தது, நான் கீழே கை ஏந்திக்கொண்டேன். போதகர் போன பிறகு அண்ணன் கேட்டார்கள், "ஏட்டி, எந்திரிச்ச உடம்புல ஆணித் தழும்ப எதுக்கு வச்சிருந்தாரு? மரணத்தையே செயிச்சவருக்கு அத ஆத்தத் தெரியாதா?"

மதினி காப்பி ஆற்றிக்கொண்டே, "தழும்பு இல்லன்னா அவருதான்னு எவன் நம்புவான்? கதவப் பூட்டிட்டுல்லா இருந்தாங்க சீஷங்க எல்லாரும், பயந்துபோயி" என்றார்கள்.

அண்ணன் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்கள். "இத்தன வருசம் நான் பிரசங்கம் பண்ணினேன், நீ காப்பி ஆத்தின. பயந்துபோயிப் பூட்டிக்கிட்டவங்ககிட்டத்தான் மொதல்ல வந்தாரு, இல்லையா? அப்ப, பட்டதெல்லாம் அழியாது. இந்த உடம்பு பட்டதையும் சேத்துத்தான் எழுப்புவாரு."

இதோடு பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. கடைசி நாள் காலையில் மூச்சு மிகவும் மோசமாகிவிட்டது. மதினி தலைமாட்டில், மகள் காலடியில், நான் பக்கத்தில். பௌதி வாசலில் நின்றார்கள், அன்றைக்கு ஒருவரும் பாட்டு எடுக்கவில்லை. அண்ணன் கண் அங்குமிங்கும் அலைந்தது. என் மணிக்கட்டைப் பற்றினார்கள்.

"பயமா இருக்கு."

என்ன சொல்வது என்று இத்தனை மாதமும் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. "எனக்கும்தான் அண்ணே" என்றேன்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

பிடி இறுகிக்கொண்டே வந்தது. நகம் என் சதைக்குள் இறங்கியது. பிறகு தளர்ந்தது.

அப்பாவை வைத்த குழியையே திறந்து அண்ணனையும் வைத்தோம். இடம் இல்லாத இந்த ஊரில் அதுதான் வழக்கம். அப்பாவின் எலும்புகளைக் குழி வெட்டுகிறவர்கள் ஒரு வெள்ளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்தார்கள். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பார்த்தேன். எங்கள் அப்பா ஒரு கைக்குழந்தை அளவுக்கு இருந்தார்கள். இதுவா எழுந்திருக்கப்போகிறது என்றுதான் தோன்றியது. அங்கே பிரசங்கம் செய்ய அண்ணன் இல்லை. சரீர உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று எல்லோரும் விசுவாசப் பிரமாணம் சொன்னபோது, என் பல் கிட்டிக்கொண்டு குரல் வரவில்லை. வராத குரலில்தான் சொன்னேன். சொன்னேன் என்பது மட்டும் நிச்சயம்.

அண்ணனின் நோய்க்காலத்தில் உதவியவர்கள் பலர். வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், நாற்காலியைத் தூக்கிய வாலிபர் சங்கத்தாருக்கும், நாலாம் வார்த்தையைத் துணிந்து கொடுத்த போதகருக்கும் நன்றி. அண்ணனின் பழைய ஆபீஸ் நண்பர்கள் கார்டன் ரீச்சிலிருந்து மாறி மாறி வந்து உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு நன்றி. எங்களுக்கு அடுப்பு மூட்டத் தோன்றாத நாட்களில் மீன் குழம்பும் சோறும் அனுப்பிய பௌதிக்கும், தவறான நேரத்தில் பாடினாலும் பாசத்தோடு பாடிய பெண்கள் ஐக்கியத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

அண்ணன் நகம் பதிந்த காயம் ஆறிவிட்டது. ஒன்று மட்டும் ஆழமாக இறங்கியிருந்தது. அது தழும்பாக மணிக்கட்டில் நிற்கிறது. மருந்து போட்டால் மறையும் என்று மதினி ஒரு களிம்பு வாங்கி வந்தார்கள். நான் போடவில்லை. எழுந்திருக்கும் நாளில் அண்ணன் புது உடம்போடு வருவார்கள், எனக்கு அடையாளம் தெரியுமோ தெரியாதோ. நான் கையை நீட்டுவேன். அண்ணனுக்குத் தெரியும்.

பயத்தோடும் நம்பிக்கையோடும்,
அன்புத் தங்கை
பெஹாலா, கல்கத்தா